புரொக்னர் பூங்கா நீரூற்றும் கொழும்புக் குடைகளும்

"நோர்வேயை விட்டிட்டு இஞ்ச ஏன் பிள்ளை வந்தனீர்?" வெள்ளவத்தைக்குக் குடிவந்த புதிதில் சந்திக்கிற எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். கணவர், வேலை என்று சொல்லித் தப்பிவிடலாம். கீழ்மாடி அன்ரி அதோடு விடவில்லை. "அங்க பார்க்கிறதுக்கு என்னதான் இருக்கு?"

ஃபோனை எடுத்து ஒஸ்லோ புரொக்னர் பூங்காவின் நீரூற்றைக் காட்டினேன். ஆறு இராட்சத மனிதர்கள் பெரிய வெண்கலத் தொட்டியொன்றைச் சுமந்து நிற்க, விளிம்பால் தண்ணீர் வழிகிறது. குளத்தைச் சுற்றி 20 வெண்கல மரங்கள், ஒவ்வொன்றின் கிளைகளுக்குள்ளும் மனிதர்கள். ஒரு மரத்தில் குழந்தைகள் மொய்க்கிறார்கள், இன்னொன்றை ஒரு கிழவர் கட்டிப்பிடித்திருக்கிறார், வேறொன்றில் எலும்புக்கூடு ஒன்று கிளையோடு கிளையாகக் கிடக்கிறது. ஒருவருக்கும் உடுப்பில்லை.

"சீ!" என்ற அன்ரி படத்தைப் பெரிதாக்கினார். "கிழவன் மரத்தை விடமாட்டன் எண்டு நிக்கிறான் பாரும்." இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்கு அதை விளக்கியதில்லை.

செய்தவர் குஸ்தாவ் விகெலாண்ட். 1921இல் நகரசபையோடு அவருக்கு ஓர் ஒப்பந்தம்: வீடும் பட்டறையும் நகரம் கட்டிக் கொடுக்கும், படைப்புகளை அவர் நகரத்துக்கே கொடுப்பார். பூங்கா முழுமையாவதற்கு முன், 1943இல், இறந்துபோனார். நீரூற்றை முதலில் பாராளுமன்றத்துக்கு முன்னால் வைப்பதாகத்தான் இருந்தது. வைத்திருந்தால் எம்பிமார் தினமும் அந்த எலும்புக்கூட்டைக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போயிருப்பார்கள்.

ஞாயிறு பின்னேரம் அன்ரி என்னை விகாரமகாதேவி பூங்காவுக்குக் கூட்டிப்போனார். அவருக்கு அது இன்னமும் விக்டோரியா பார்க்தான். நகர மண்டபத்தைப் பார்த்தபடி பெரிய புத்தர், கொஞ்சம் தள்ளி மாங்காய்க்காரர். அவர் சிங்களத்தில் விலை சொல்ல நான் விழித்தேன். சிரித்துக்கொண்டே தமிழுக்கு மாறி, மிளகாய்த்தூள் போடவா என்று கேட்டார்.

மரநிழல் எங்கும் விரித்த குடைகள். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சோடி. வெண்கலத்தில் ஆணும் பெண்ணும் அம்மணமாகக் கட்டிக்கொள்ளும் பூங்காவில் வளர்ந்த எனக்கு, கை கோப்பதற்கே இங்கே குடை வேண்டியிருப்பது எரிச்சலாக இருந்தது. அன்ரியோ எந்தக் குடையையும் திரும்பிப் பார்க்கவில்லை. "இருக்கட்டும் பிள்ளை, வீட்டில எங்க இடம்?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்புறம் நானும் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

நாங்களும் ஒரு குடையோடு போவோமா என்று இரவு கணவரிடம் கேட்டேன். "எங்களுக்கு எதுக்கு? நாங்கள் கலியாணம் கட்டின ஆக்கள்" என்கிறார்.