தோட்டத்துக் கேட்

ரசமட்டத்துக்குள் காற்றுக்குமிழ் நடுவில் வந்து நின்றதும், "நின்னுடுச்சுப்பா!" என்று மகள் கத்தினாள்.

எங்கள் தோட்டத்து மரக் கேட் பல மாதங்களாகத் தொங்கிப்போய்த் தரையை உரசிக்கொண்டிருந்தது. கீல் தேய்ந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன். இன்று கழற்றிப் பார்த்தால் கீலில் ஒரு குறையும் இல்லை. குறுக்குக் கட்டையைத்தான் நான் மாற்றி அடித்திருக்கிறேன்.

கட்டையின் கீழ்முனை கீல் பக்கமும் மேல்முனை தாழ்ப்பாள் பக்கமும் இருக்க வேண்டும். அப்போதுதான் தாழ்ப்பாள் பக்கத்து எடை கட்டை வழியாக இறங்கிக் கீழ்க்கீலில் உட்காரும். மாற்றி அடித்தால் இழுவை முழுவதும் ஆணிகள் மேல் விழும். அவை மெல்ல மெல்ல நெகிழும்.

கம்பி கட்டுவதென்றால் நேர் எதிர். கம்பிக்கு இழுவையில்தான் பலம். அதனால் மேல்கீலிலிருந்து தாழ்ப்பாள் பக்கத்து அடிமூலைக்குக் கட்ட வேண்டும்.

இது புரிந்த பிறகு வேலை அரை மணி நேரம்தான்.

அப்புறம் கோழிக்கூட்டுக்கு வலை, ஒழுகும் குழாய்க்கு வாஷர் என்று பொழுது ஓடியது.

கடைசியாக எருக்குவியலைப் புரட்டினோம். உள்ளிருந்து ஆவி பறந்தது.

"உள்ள யாருப்பா அடுப்பு மூட்டினது?"

கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இலைதழையைத் தின்னும்போது வருகிற சூடு அது என்றேன். நன்றாக அமைந்த குவியல் 60 டிகிரி செல்சியஸைக்கூட எட்டும். அவள் உள்ளங்கையை அந்த ஆவிக்கு நேரே நீட்டி வெகுநேரம் நின்றாள்.

இருட்டிய பிறகும் கேட் பக்கமிருந்து வரவில்லை. ஒற்றை விரலால் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.