கட்டில் பிறகு வாங்கலாம், முதலில் கக்கூசுக்குப் போகிற வழியைப் பாருங்கள்

அம்மா விழுந்துவிட்டா, அல்லது அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் செய்து) வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்ததும், கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "என்ன கட்டில் வாங்கலாம், வீல் செயர் எடுக்கவா" என்றுதான். அன்பில் கேட்கிறார்கள், அதில் குறை இல்லை. ஆனால் மாமியை வீட்டில் வைத்துப் பார்த்த காலத்திலும், அதற்குப் பிறகு இலங்கையின் வடக்கே வன்னியில், எங்கள் ஒட்டுசுட்டான் பக்கத்தில் மற்ற வீடுகளுக்குப் போய் உதவி செய்ததிலும் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று. முதல் காசு கட்டிலுக்குப் போகக்கூடாது. படுக்கையில் இருந்து மலசலகூடம் வரைக்கும் உள்ள வழிக்குப் போகவேண்டும்.

வன்னி வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு ஏன் என்று விளங்கும். 2009இல் போர் முடிந்த பிறகு தறப்பாளுக்குள் இருந்து எழும்பி வந்த சனம் நாங்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா கட்டம் கட்டமாக வந்தது, 550 சதுர அடியில் ஒரு வீடு. கல்லறுத்ததும் மண் சுமந்ததும் பல இடங்களில் வீட்டுக்காரரேதான். அந்த நேரம் தலைக்கு மேலே ஒரு கூரை வந்தால் போதும் என்று இருந்தது, இன்னும் பதினைந்து வருடத்தில் இதே வீட்டுக்குள் யார் எப்படி நடப்பார்கள் என்று யோசிக்க ஆருக்கு நேரம்? மாரி வெள்ளத்துக்குப் பயந்து அத்திவாரத்தை உயர்த்தினோம், அதனால் வாசலில் படிகள். கிணற்றுத் தண்ணீர் பழுதாகக்கூடாது என்று மலசலகூடத்தை வளவின் பின்மூலையில் கட்டினோம். இரண்டுமே சரியான காரணங்கள்தான். ஆனால் எழுபத்தைந்து வயதுக்காரி ஒருத்தி இரவு இரண்டு மணிக்குக் குசினிப் படியால் இறங்கி, மணலிலும் மாமர வேரிலும் கால் வைத்து, இருட்டுக்குள் அந்த மூலைக்குப் போய்வருகிறா என்பதுதான் இன்றைய நிலைமை.

விழுவது மட்டும் ஆபத்து என்று நினைக்கிறோம். அதைவிட மறைவான ஒன்று இருக்கிறது. மாமி பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு தண்ணீரே குடிக்கமாட்டா. "எனக்குத் தண்ணி விடாய்க்கேல்லை பிள்ளை" என்பா. உண்மையில் இரவில் எழும்பி வெளியே போகப் பயம், என்னை எழுப்பக் கூச்சம். வன்னி வெயிலில் இப்படித் தண்ணீரைக் குறைத்தால் மலம் இறுகும், சலத்தில் கிருமி தொற்றும், காலையில் எழும்பும்போது தலை சுற்றும். பிரஷர் குளிசை எடுக்கிறவர்களுக்கு இன்னும் மோசம். தலை சுற்றி விழுந்த பிறகு "வயசு போட்டுது, என்ன செய்யிறது" என்று சொல்லிவிடுகிறோம். வயதில் பழியைப் போடாமல், அவர்கள் பின்னேரத்தில் எவ்வளவு குடிக்கிறார்கள் என்று இரண்டு நாள் கவனித்துப் பாருங்கள்.

சரி, வழியை எப்படிச் சரிசெய்வது? பெரிய செலவு இல்லை. வீட்டுப் பின்வாசலில் இருந்து மலசலகூடம் வரைக்கும் மூன்றரை நான்கு அடி அகலத்தில் சீமெந்து நடைபாதை போடுங்கள், ஆனால் மேசனிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும்: மினுக்க வேண்டாம். மேசன்மாருக்கு நிலத்தைக் கண்ணாடி மாதிரி மினுக்கிக் கொடுத்தால்தான் வேலை செய்த திருப்தி. மாரியில் அதில் பாசி பிடித்தால் இளம் ஆட்களே சறுக்குவார்கள். சீமெந்து ஈரமாக இருக்கும்போதே விளக்குமாற்றைக் குறுக்காக இழுத்துவிட்டால் கால் பிடிக்கும். கிணற்றடிக்கும் இதே கதைதான். சவர்க்காரத் தண்ணீர் நிற்கிற இடத்தைக் கிழமைக்கு ஒருக்கால் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தும்புத் தடியால் தேய்க்கவேண்டும். குளிக்க இருத்துவதற்கு வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரை வேண்டவே வேண்டாம். ஈர நிலத்தில் அதன் கால்கள் விரிந்துகொண்டு போகும். பாரமான பலகைக் கதிரைதான் நல்லது.

படிக்குப் பதிலாகச் சரிவு போடுகிறவர்கள் கவனியுங்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், அதுதான் கணக்கு. ஒன்றரை அடி உயர வாசல் என்றால் பதினெட்டு அடி. நான் கண்ட வீடுகளில் பலவற்றில் நான்கு ஐந்து அடிக்குள் சரிவை முடித்துவிட்டார்கள், அதில் வீல் செயரை மேலே தள்ள இரண்டு பேர் வேண்டும், கீழே வரும்போது அது ஆளோடு ஓடும். இடம் இல்லையென்றால் வளைத்துப் போடலாம், திரும்புகிற இடத்தைச் சமதரையாக விட்டு.

கைபிடிக் கம்பி பற்றிக் கொஞ்சம் விபரமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில் காசும் போய் ஆளும் விழுகிற சம்பவங்களைக் கண்டிருக்கிறேன். எங்கள் சுவர்கள் பெரும்பாலும் சீமெந்துக் கல், அதிலும் நிறைய உள்ளே ஓட்டை உள்ள கல். அதில் துளைபோட்டு பிளக் அடித்துப் பூட்டுகிற கம்பி துவாய் தொங்கவிடக் காணும். ஐம்பது கிலோ உடம்பு சறுக்கிக்கொண்டு போகும்போது எட்டிப் பிடித்தால் பிளக்கோடு கழன்று வரும். ஒன்றேகால் அல்லது ஒன்றரை அங்குல ஜிஐ பைப்பை (நாகம் பூசிய இரும்புக் குழாய்) வளைத்து, இரண்டு காலையும் நிலத்தில் குழி வெட்டிக் கொங்கிறீற்றில் நடச் சொல்லுங்கள். உயரம் மூன்றடிக்குக் கிட்ட, பிடிக்கப்போகிறவரை நிறுத்தி அளந்தால் இன்னும் நல்லது. பாரிசவாதம் வந்தவருக்கு எந்தக் கைக்குப் பலம் இருக்கிறதோ அந்தப் பக்கம்.

மலசலகூடக் கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும். உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் எப்படி உள்ளே போவது? உள் கொண்டியைக் கழற்றிவிட்டு, வெளியில் இருந்தும் திறக்கக்கூடிய ஒன்றைப் போடுங்கள். குந்துகிற கக்கூசுக்கு மேலே வைக்கிற கொமட் கதிரை கடைகளில் கிடைக்கிறது, பதினேழில் இருந்து பத்தொன்பது அங்குல உயரம் அளவு. பிளாஸ்ரிக் கதிரையின் நடுவை வெட்டிச் செய்வது வேண்டாம், வெட்டினால் அதன் பலமே போய்விடும்.

இரவுக்குக் கட்டிலருகே கீழே சட்டி உள்ள ஒரு கொமட் கதிரை வைப்பதுதான் எல்லாவற்றிலும் பாதுகாப்பு. மாமி முதலில் சம்மதிக்கவில்லை. "படுக்கிற இடத்திலயோ" என்று அழுதா. அந்த அழுகைக்கு ஒரு மரியாதை இருக்கிறது. மறைப்புக்கு ஒரு சீலை கட்டி, காலையில் முதல் வேலையாக அதை நான் எடுத்துக் கழுவுவேன், மற்ற ஆட்கள் காணமாட்டார்கள் என்று சொல்லி, அதைச் சொன்னபடியே செய்த பிறகுதான் பாவிக்கத் தொடங்கினா. பிறகு பின்னேரத் தண்ணீரும் தானாகக் கூடியது.

எங்கள் பகுதியில் முதியவர்கள் மட்டும் இல்லை. போரில் செல் பட்டு முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள், அன்று இருபது வயதில் காயப்பட்டவர்களுக்கு இப்போது நாற்பது நெருங்குகிறது அல்லது தாண்டிவிட்டது, அவர்களைத் தூக்கிப் பார்த்த தாய்மார் முதியவர்களாகிவிட்டார்கள். இவர்களுக்கு வீட்டில் உள்ள பெரிய எதிரி படுக்கைப் புண். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டவேண்டும். எங்கள் கறுத்தத் தோலில் சிவப்பு லேசில் தெரியாது. இடுப்பு, பிட்டம், குதிக்கால் எல்லாம் புறங்கையால் தொட்டுப் பார்த்து, சூடாகவோ இறுகியோ நிறம் மாறியோ இருந்தால் அந்தப் பக்கம் படுக்கவிடாதீர்கள், அந்த இடத்தைத் தேய்க்கவும் கூடாது. காற்று மெத்தை நல்லதுதான், ஆனால் கரண்ட் நின்றால் காற்றிறங்கும் என்பதை நினைவில் வையுங்கள். மெத்தை இருக்கிறது என்று புரட்டாமல் விடவும் முடியாது.

கரண்ட் நிற்கிற இரவுகளுக்கு மண்ணெண்ணெய்ப் போத்தல் விளக்கைக் கட்டிலடியில் வைப்பதை நிறுத்துங்கள். விளக்குத் தட்டுப்பட்டு எரிந்தவர்களுக்கு இந்த நாட்டில் குறைவில்லை. சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர இதைக் கண்டுதான் குட்டையான, பாரமான, உருளாத பாதுகாப்பு விளக்கொன்றைச் செய்தார், 1998இல் அதற்கு றோலெக்ஸ் விருதும் கிடைத்தது. இப்போது சார்ஜ் ஏற்றுகிற லைற்றுகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஒன்று படுக்கையில், ஒன்று மலசலகூட வழியில். அப்புறம் நுளம்பு வலை. அதை மெத்தைக்குக் கீழே நன்றாகச் செருகவேண்டும், நுளம்புக்கு மட்டும் இல்லை. எட்டடி விரியன் பாம்பு இரவில் வீட்டுக்குள் வந்து நிலத்தில் படுத்திருப்பவரைத்தான் கூடுதலாகக் கடிக்கிறது, நித்திரையில் கடித்தது தெரியாமலே போகும். வயதானவரை நிலத்தில் பாயில் படுக்கவிடாதீர்கள்.

2018 மார்கழியில் இரணைமடுக் குளம் நிரம்பி கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதை மறக்கமாட்டோம். ஐப்பசி தொடங்கும்போதே கிளினிக் கொப்பி, ஒரு கிழமைக்கான குளிசை, சலக்குழாயில் பூட்டுகிற மாற்றுப் பை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்ரிக் வாளிக்குள் மூடி வையுங்கள். படுக்கையில் இருப்பவரை யார் யார் தூக்குவது என்று பக்கத்து வீட்டுத் தம்பிமாரோடு முதலே பேசிவையுங்கள். 1990 என்ற இலக்கத்துக்குப் போன் பண்ணினால் வருகிற அம்புலன்ஸ் 2018இல் வடக்குக்கு வந்துவிட்டது, இலவசம். ஆனால் எங்கள் ஒழுங்கைகளுக்குப் பெயர் இல்லை, அதனால் பதற்றத்தில் எதைச் சொல்லி வழிகாட்டுவது என்று கோயில், பள்ளிக்கூடம், பாலம் ஏதாவது ஒன்றை எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

வெளிநாட்டில் இருந்து வீல் செயர் எடுக்கிறவர்களே, எடுங்கள். அதற்கு முன் வீட்டில் உள்ள ஒருவரிடம் அளவு நாடா கொடுத்து, ஒவ்வொரு கதவு நிலையின் உள் அகலத்தையும் அளந்து வாட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள். முப்பத்திரண்டு அங்குலம் இருந்தால் தாராளமாகப் போகும். மலசலகூடத்துக்கு நாங்கள் வழமையாகப் போடுகிற இரண்டரை அடிக் கதவில் நிலையைக் கழித்தால் அந்த அகலம் வராது. அப்படியென்றால் முதலில் மேசனுக்குக் காசு அனுப்புங்கள்.