'வீடற்றோர்' என்று தேடினால் ஒன்றுமே வரவில்லை

ஒருங்கிணைப்பாளர் அக்கா பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை மேஜைமேல் கவிழ்த்தார். ஆறு பென் டிரைவ், இரண்டு மெமரி கார்டு, பட்டன் போன் ஒன்று. "பல வருஷமா எடுத்த பேட்டிம்மா. எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. எது எங்க இருக்குன்னுதான் தெரியாது."

இறுதியாண்டு புராஜெக்டுக்காக நாங்கள் நாலு பேர் அந்தத் தொண்டு நிறுவனத்துக்குப் போயிருந்தோம். சென்னையில் பாரிமுனை, பிராட்வே, வால்டாக்ஸ் சாலைப் பக்கம் நடைபாதையில் வாழும் குடும்பங்களோடு வேலை செய்கிறவர்கள். ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், அதுவும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது. ஆனால் ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி என்றால் புருஷன், பொண்டாட்டி, பிள்ளைகள் என்று இருக்கிற குடும்பம் எங்கே போகும் என்பது அக்காவின் கேள்வி. குடும்பக் காப்பகம் கேட்டு ஒவ்வொரு வருஷமும் மனு எழுதுகிறார். "மழையில என்ன பாடு பட்டாங்கன்னு எத்தனையோ பேரு சொல்லியிருக்காங்க. அதைத் தேடி எடுக்கறதுக்குள்ள அடுத்த மழை வந்துடுது." பேட்டிகளை எழுத்தாக்கி, ஒரு சொல்லைத் தட்டினால் வேண்டியது கிடைக்கும்படி செய்வதுதான் எங்கள் புராஜெக்ட்.

இருநூறுக்கும் மேல் பேட்டிகள். ஒரு பகுதி ஏற்கெனவே தட்டெழுதப்பட்டிருந்தது, மீதி வெறும் ஒலி. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் இருக்கும்போது என்ன கவலை என்று முதல் வாரம் தெம்பாகத்தான் இருந்தோம். பஸ் ஹாரனும் மீன்பாடி வண்டிச் சத்தமும் கலந்த பேச்சில் அது திணறியது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒரு பெரியவர் இறந்துபோன மகளைப் பற்றிச் சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருக்கிறார். அந்த மௌனத்துக்கு மென்பொருள் தானாகவே ஒரு வரி எழுதியிருந்தது: 'பார்த்ததற்கு நன்றி.' அன்றைக்கே அதை மூடிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டோம். ஒரு மணி நேரப் பேட்டியைத் தட்ட ஐந்தாறு மணி நேரம் ஆனது. மூன்று மாதம் அதற்கே போயிற்று.

அடுத்த சண்டை எங்களுக்குள். அவர்கள் 'மய பேஞ்சா' என்றால் விழுப்புரத்துக்காரன் அப்படியே எழுதுவான், நான் 'மழை பெய்தால்' என்று திருத்திவிடுவேன். அக்கா நான் எழுதியதைப் படித்துப் பார்த்து, "இது நீ பேசுறதும்மா, அந்தம்மா பேசுறது இல்ல" என்றார். எல்லாவற்றையும் மறுபடி திருத்தினேன். சொன்னபடியே ஒரு பத்தி, தேடுவதற்கான எழுத்து வடிவச் சொற்கள் பக்கத்தில் தனியாக என்று முடிவானது.

தேடல் பகுதியை எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளில் இருக்கும் எஃப்.டி.எஸ்.5 என்ற தேடல் வசதியில் கட்டினோம். இலவசம், தனியாக சர்வர் வேண்டாம், அலுவலகத்தின் பழைய லேப்டாப்பிலேயே ஓடும். முதலில் 'பசி' என்று தேடினோம். கோயில் பசு வந்தது, பசும்பால் வந்தது. தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. அதன் இயல்பு அமைப்பில் எழுத்தும் எண்ணும் மட்டுமே சொல்லின் உறுப்பு. நம் துணைக்கால், கொம்பு, புள்ளியெல்லாம் யூனிகோடில் வேறு வகை என்பதால் அவற்றை இடைவெளி மாதிரி நினைத்து வெட்டிவிடுகிறது. பசியும் பசுவும் 'பச' ஆகிவிடுகின்றன. அந்த வகைகளையும் சேர்த்துக்கொள் என்று அமைப்பில் ஒரு வரி எழுதினால் சரியாகிவிடும். அந்த ஒரு வரிக்கு எங்களுக்கு நாலு நாள்.

பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இன்னொரு கூத்து. 'பொண்ணு' என்று கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் இல்லை. அங்கே 'ொ' ஒரே குறியாக இல்லாமல் ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக ஒட்டியிருந்தன. இப்படிப் பிரிந்து கிடப்பதை ஒரே குறியாக்கும் என்.எஃப்.சி. என்ற வடிவத்துக்கு எல்லாவற்றையும் மாற்றித் தீர்த்தோம். வேற்றுமை உருபுகளைச் சமாளிக்க சொல்லை மும்மூன்று குறிகள் கொண்ட துண்டுகளாகப் பிரித்துத் தேடும் முறையையும் வைத்தோம். 'வீட' என்று போட்டால் வீடும் வீட்டிலும் வீட்டுக்கும் வந்தன. கூடவே வீடியோவும் வந்தது. அதை அப்படியே விட்டுவிட்டோம்.

துறையில் காட்டிய அன்று சார் 'வீடற்றோர்' என்று தட்டினார். பூஜ்யம். மறுபடி தட்டினார். பூஜ்யம். கோடில் பிழை என்று நினைத்து எனக்கு வியர்த்துவிட்டது. பிழை எதுவும் இல்லை, அத்தனை பேட்டியிலும் யாருமே அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2011 பிப்ரவரி 28 இரவு அவர்களை எண்ணியது அந்தப் பெயரில்தான், திட்டங்களில் இருப்பதும் அந்தப் பெயர்தான். அவர்களோ 'எங்க எடம்' என்கிறார்கள், 'பிளாட்பாரம்' என்கிறார்கள், 'பாட்டி காலத்துலேர்ந்து இங்கதான்' என்கிறார்கள். தார்ப்பாய்க்குக் கீழே இருக்கிற ஆறடியைப் பல பேர் 'வீடு' என்றே சொல்கிறார்கள்.

எங்களைக் காப்பாற்றியது அந்த அலுவலகத்தின் களப்பணியாளர் அக்கா. அவரே நடைபாதையில் பிறந்து வளர்ந்தவர். அலுவலகத் தமிழுக்கும் தெருத் தமிழுக்கும் நடுவே அவரோடு உட்கார்ந்து ஒரு சொல்பட்டியல் போட்டோம். 'வெளியேற்றம்' என்று நாங்கள் எழுதியதைப் பார்த்துச் சிரித்தார். "அப்டி யாரு சொல்லுவா? 'வண்டி வந்துச்சு'ன்னுதான் சொல்லுவாங்க." சாமான்களை அள்ளிக்கொண்டு போகிற லாரியைத்தான் சொல்கிறார். அதுவரை அந்தப் பேட்டிகளையெல்லாம் போக்குவரத்து என்ற தலைப்பில் போட்டு வைத்திருந்தேன்.

அதே அக்காதான் ஒருநாள் விளையாட்டுபோலத் தன் தெருப்பெயரைத் தட்டினார். வந்த மூன்றாவது வரியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயரெல்லாம் எடுத்துவிட்டோம் என்றேன். "பூ விக்கறது, மூணும் பொண்ணு, வீட்டுக்காரருக்குக் காது கேக்காதுன்னு இருக்கே. பேரு எதுக்கு? எங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும். இதை யாரெல்லாம் பாப்பாங்க?"

நன்றாகத் தேட வைப்பது மட்டும்தான் எங்கள் வேலை என்று அதுவரை நினைத்திருந்தோம். அதற்கப்புறம் பாதி வேலை, சிலது கிடைக்காமல் பார்த்துக்கொள்வதாக ஆனது. தெருப்பெயர் போய் வட்டாரம் மட்டும் நின்றது. இணையத்தில் ஏற்றும் யோசனையைக் கைவிட்டோம். பழைய பேட்டிகளில் ஒலிப்பதிவுக்குத்தான் கைநாட்டு இருந்தது, தேடலில் வருவதற்கு யாரிடமும் சம்மதம் கேட்டிருக்கவில்லை. அதனால் திரும்பப் போய்க் கேட்டோம். சிலர் அதே இடத்தில் இருந்தார்கள், சிலர் நகரின் ஓரத்தில் இருக்கும் பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்குப் போயிருந்தார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர் வேலை இங்கேதான் என்று பகலில் திரும்பவும் பழைய நடைபாதையிலேயே இருந்தார். கண்டுபிடிக்க முடியாதவர்களின் பேட்டிகளைப் பூட்டிவிட்டோம். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். மதிப்பெண் போடும்போது அதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள்.

ஒரு அம்மா தன்னுடையதை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தோம். இரண்டு வாரம் கழித்து வேறு எதற்கோ தேடும்போது ஒரு வெற்று வரி வந்தது, அவருடைய எண்ணில். மூலத்தை அழித்திருந்தோம், தேடல் அட்டவணையிலிருந்து சொற்களை அழிக்க மறந்திருந்தோம். அதையும், பேக்கப் பிரதியையும் அழித்துவிட்டு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு நான் சொன்னது எவ்வளவு புரிந்ததோ, டீ வாங்கிக் கொடுத்தார்.

அக்டோபரில் ஒருங்கிணைப்பாளர் அக்கா போன் செய்தார். மனுவுக்கு மழை பற்றிய பேட்டிகள் ஒரே மத்தியானத்தில் கிடைத்துவிட்டதாம். "ஆனா ஒண்ணும்மா. 'வண்டி'ன்னு போட்டா ஆட்டோ ஓட்டுறவரு, இட்லி வண்டிக்காரம்மா எல்லாரும் வராங்க. ஞாயித்துக்கிழமை கொஞ்சம் வந்துட்டுப் போறியா?"