பெயரை முன்னிறுத்தாத பாடகர்

தொண்ணூறுகளில், மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுழற்றி, டைனமோ தரும் மின்னில் பாட்டுக் கேட்டவர்களுள் நானும் ஒருவன். சுழற்றுவது என் வேலை. கசெற்றைத் தெரிவு செய்வது சித்தப்பாவின் உரிமை. அவருடைய ஆங்கிலக் கசெற் ஒன்றில், உச்சத்தில் நின்று மன்றாடும் ஓர் ஆண்குரல் இருந்தது. நான் மிதியை வேகமாகச் சுழற்றுவதாலேயே அக்குரல் அவ்வாறு அவதிப்படுகிறது என்று நெடுநாள் நம்பியிருந்தேன்.

அது 'ஃபோர் டொப்ஸ்' குழுவின் முதன்மைப் பாடகர் லீவை ஸ்டப்ஸின் குரல். 1936இல் அமெரிக்காவின் டெற்றோயிற் நகரில் பிறந்த அவர், 1953இல் மூன்று நண்பர்களுடன் சேர்ந்து பாடத் தொடங்கினார். பத்து ஆண்டுகள் பெரிய வெற்றி எதுவும் கிட்டவில்லை. 1963இல் மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்த பின்னரே காலம் கனிந்தது.

அவதிக்கான காரணம் பிற்பாடுதான் எனக்கு விளங்கியது. ஸ்டப்ஸின் குரல் இயல்பில் கனமான நடுத்தரக் குரல். மோட்டவுனில் பாட்டமைத்த ஹொலண்ட் சகோதரர்களும் லமொண்ட் டோசியரும் அக்குரலுக்கு வசதியான சுருதியில் பாட்டமைக்காமல், வேண்டுமென்றே அதற்கு மேலே அமைத்தனர். எட்டாத இடத்தை எட்ட முயலும் தொண்டையில்தான் ஏக்கம் கேட்கும் என்பது அவர்களுடைய கணக்கு. 1966இல் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் முதலிடம் பெற்ற 'ரீச் அவுட் ஐல் பி தேர்' பாடலில் அவர் பாதி பாடுகிறார், பாதி கத்துகிறார். சுருதி சுத்தம் பார்க்கும் நம்மவர் சிலருக்கு இது பிடிக்காது. எனக்கோ அந்தக் கத்தலில்தான் உயிர் இருக்கிறது.

அக்காலத்தில் முதன்மைப் பாடகரின் பெயரைக் குழுவின் பெயருக்கு முன்னே போடும் வழக்கம் பரவியது. மோட்டவுனிலேயே 'சுப்ரீம்ஸ்' குழுவின் பாடகி டயானா ரொஸ் அவ்வாறு முன்னிறுத்தப்பட்டு, பின்னர் தனியே பிரிந்தார். ஸ்டப்ஸ் அதற்கு இணங்கவில்லை. நம் கூத்தில் பிற்பாட்டுக்காரர் ஓய்ந்தால் ஆட்டமே தளர்ந்துவிடுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அது வெறும் பணிவாகத் தோன்றவில்லை. தன் குரல் எதன்மேல் நிற்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார். 1972இல் மோட்டவுன் லொஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம்பெயர்ந்தபோது, நால்வரும் நிறுவனத்தை விட்டு டெற்றோயிற்றிலேயே தங்கினர். 1997இல் நால்வருள் ஒருவரான லோரன்ஸ் பேற்றன் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த நால்வரணியில் ஆள்மாற்றமே நிகழவில்லை.

நோயுற்ற ஸ்டப்ஸ் 2000ஆம் ஆண்டில் மேடையை விட்டு, 2008 ஒக்டோபரில், 72ஆவது வயதில், டெற்றோயிற்றில் காலமானார். சித்தப்பாவின் கசெற் உறையில் அவருடைய பெயர் இருந்ததில்லை. 'ஃபோர் டொப்ஸ்' என்று மட்டுமே சித்தப்பா கையால் எழுதியிருந்தார்.