கிண்ணத்தின் எடை

ஜூன் 4

காலையில் அக்காவின் எடை 46.2 கிலோ. நேற்றைவிட 300 கிராம் குறைவு.

ஜூன் 5

இன்று முழுவதும் அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. எதிரே இருக்கும் யோகர்ட் கடையில் நாமே கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் அந்த உறைந்த தயிர். பழச்சுவை வேண்டாம், சாக்லேட் வேண்டாம், வெறும் வெள்ளை, புளிப்பு. வாயெல்லாம் புண். தண்ணீர்கூட எரிகிறது என்கிறாள். குளிர்ச்சியாக, மெல்லாமல் விழுங்கும்படியாக ஏதாவது வேண்டும் என்று அவள் கேட்பதில் என்ன தவறு? செவிலியரிடம் போய்க் கேட்டேன். "இயந்திரத்திலிருந்து வருவது எதுவும் இப்போது கூடாது" என்றார்.

நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் 200தான்.

ஜூன் 6

மாலையில் நான் மட்டும் அந்தக் கடைக்குப் போனேன். அவள் எதைக் கேட்கிறாள் என்று பார்க்க வேண்டும்போல இருந்தது.

சுவரோரமாக ஐந்து இயந்திரங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று கைப்பிடிகள்: இடப்பக்கம் ஒரு சுவை, வலப்பக்கம் ஒரு சுவை, நடுவில் இழுத்தால் இரண்டும் பின்னிக்கொண்டு வருகின்றன. வெள்ளையை இழுத்தேன். வேகமாக இழுத்துவிட்டேன், ஒரு பக்கமாகச் சாய்ந்து குவிந்தது. மேலே தூவும் பழத்துண்டுகள், கொட்டைகள் எதையும் போடவில்லை. அவளும் போட்டிருக்க மாட்டாள்.

பிறகு தராசு. கிண்ணத்தின் எடையைக் கழித்துவிட்டுத்தான் எண் வருகிறது. 148 கிராம்.

அக்காவைத் தராசில் ஏற்றும்போது எதையும் கழிப்பதில்லை. சட்டை, கையில் கட்டிய பட்டை, மார்பில் ஒட்டியிருக்கும் குழாய் எல்லாம் சேர்த்துத்தான் 46. அப்படியானால் அவள் எவ்வளவு?

ஜூன் 7

45.9.

ஜூன் 9

தூக்கம் இல்லை. அந்த இயந்திரத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று இரவு கடை அடைக்கும் நேரத்தில், வேலை செய்யும் பெண் அதைப் பிரித்துக் கழுவுவதைப் பார்த்தேன். மேலே உள்ள தொட்டியில் கலவை திரவமாகத்தான் இருக்கிறது. அது கீழே ஓர் உருளைக்குள் இறங்குகிறது. உருளையின் குளிர்ந்த சுவரில் பட்டதும் மெல்லிய படலமாக உறைகிறது. சுழலும் தகடு அதை உடனே சுரண்டி எடுக்கிறது. சுரண்டச் சுரண்டக் காற்றும் கலக்கிறது. பனித்துகள்கள் பெரிதாக வளர நேரம் கிடைப்பதில்லை. அதனால்தான் சுமார் மைனஸ் 7 டிகிரியிலும் கல்லாகாமல் பட்டுப்போல வருகிறது. பார்க்கக் கிண்ணம் நிறைந்திருந்தாலும் எடை குறைவாக இருப்பதும் அந்தக் காற்றால்தான்.

அவள் தகடு, ரப்பர் வளையம், விண்மீன் வடிவத் துளை என்று ஒவ்வொன்றாகக் கழற்றித் தூரிகையால் தேய்த்தாள். அவசரப்படவே இல்லை. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனாலும் பயம் போகவில்லை. லிஸ்டீரியா என்ற கிருமி குளிர்பெட்டிக் குளிரிலும் பெருகும், உறைய வைத்தாலும் சாகாது. ஒரு ரப்பர் வளையத்தின் இடுக்கு போதும் அதற்கு. நமக்கு ஒன்றும் செய்யாமல் போகலாம். 200 அணுக்களோடு படுத்திருப்பவளுக்கு?

செவிலியர் சொன்னது சரி. அன்று அவரிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். நாளை பேச வேண்டும்.

ஜூன் 10

பேசினேன். அவர் அதை நினைவில்கூட வைத்திருக்கவில்லை.

ஜூன் 11

காத்திருக்கும் அறையில் வாசித்தது: 1905இல் ஜெனிவாவில் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மருத்துவ மாணவர், தன் நாட்டுத் தயிரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அதைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸ் என்று அந்த நாட்டின் பெயரே அதற்கு நிலைத்தது. உறைய வைத்தால் அவற்றில் பல சாவதில்லை; உறங்குகின்றன. சூடு பட்டால் மறுபடி விழிக்கின்றன.

இதை அக்காவிடம் சொன்னேன். கண்ணை மூடியபடியே, "என் அணுக்களும் உறங்கத்தான் செய்கின்றன, எழுப்பு" என்றாள்.

ஜூன் 12

350.

45.1.

ஜூன் 14

மருத்துவர் ஒரு வழி சொன்னார். பாஸ்டரைஸ் செய்து, ஆலையிலேயே மூடி முத்திரையிட்ட சிறு கிண்ணம் என்றால் கொடுக்கலாம். ஓடிப்போய் வாங்கி வந்தேன். அவளே மூடியைக் கிழிக்க முயன்றாள், விரலில் வலு இல்லை, நான் கிழித்தேன். இரண்டு கரண்டி சாப்பிட்டாள். புண்ணுக்கு இதமாக இருக்கிறது என்றாள். மூன்றாவதை வேண்டாம் என்றாள்.

"பிடிக்கவில்லையா?"

"நன்றாகத்தான் இருக்கிறது. இதுவும் யாரோ அளந்து வைத்ததுதானே."

மாத்திரை அளந்து வருகிறது. கஞ்சி அளந்து வருகிறது. குடித்த தண்ணீரையும் போன சிறுநீரையும் மில்லிலிட்டரில் எழுதுகிறார்கள். ஐந்தாம் தேதியிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தது குளிர்ச்சியை என்று நினைத்திருந்தேன். அவள் கேட்டது கைப்பிடியை. எவ்வளவு வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று தானே முடிவு செய்வதை. பத்து நாளாக இது எனக்குப் புரியவில்லை.

மீதியை நான் சாப்பிடவில்லை. கொட்டவும் மனம் வரவில்லை. மேசையில் உருகிவிட்டது.

ஜூன் 15

மழை. கடைக்குப் போகவில்லை.

ஜூன் 16

700!

இன்று நன்றாக வந்தது. கிண்ணத்தைத் துளைக்கு மிக அருகில் பிடிக்க வேண்டும். கைப்பிடியை மெதுவாக இறக்க வேண்டும். முதலில் நடுவில் கொஞ்சம் குவியவிட்டு, அதைச் சுற்றி வட்டமாகக் கிண்ணத்தை நகர்த்த வேண்டும். அசைய வேண்டியது கிண்ணம்தான். கைப்பிடியை மூடிய பிறகும் ஒரு நொடி இழை இறங்கும்; அதற்குள் கிண்ணத்தைச் சட்டென்று கீழே இழுத்தால் உச்சி கூராக நிற்கும். மூன்று சுற்று, கூரான உச்சி, 131 கிராம். அக்காவுக்குப் படம் எடுத்துக் காட்டினேன். "நான் இதைவிட உயரமாகப் பிடிப்பேன்" என்றாள்.

ஜூன் 17

45.4. ஏறியிருக்கிறது. தராசைச் சந்தேகித்து மறுபடி நிற்கச் சொன்னேன். 45.4.

ஜூன் 18

இரவில் உடல்சூடு 37.9. யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

ஜூன் 19

காய்ச்சல் இல்லை. 1,300. 1,500 தாண்டட்டும், பிறகு பார்ப்போம் என்கிறார் மருத்துவர்.

கடையில் அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், சொல்லத் திட்டமிடாமலே. அவள் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். இன்றிரவு இயந்திரத்தைப் பிரித்துக் கழுவும் முறை தன்னுடையது என்றாள். காலையில் கடை திறந்ததும் வாருங்கள், வெள்ளையை வேறு யாரும் தொடுமுன் உங்கள் அக்கா இழுக்கட்டும். முதலில் வருவது இளகி இருக்கும், அதைத் தனியே விட்டுவிடலாம் என்றாள்.

ஜூன் 20

காலை ஆறு மணிக்கு ரத்தம் எடுத்துப் போனார்கள். முடிவு ஒன்பதுக்குமேல்தான். கடை பதினொன்றுக்குத் திறக்கும்.

அக்கா செருப்பு எங்கே என்று கேட்கிறாள்.