ஏழில் மிஞ்சியது ஒன்று

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், கோலசிலாங்கூர் பக்கம் எங்கள் பட்டணத்தைச் சுற்றி ஒரு காலத்தில் எல்லாமே பால்மரம் எனும் ரப்பர் மரம், அப்புறம் எண்ணெய் தரும் செம்பனை. இப்போது செம்பனையையும் சாய்த்து வீடு கட்டுகிறார்கள். மாநிலச் சட்டமன்றத்தின் புதிய கூட்டத்தொடர் வருகிறது, எதற்கு முன்னுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள் என சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்திலிருந்து வாட்சாப்பில் தகவல் வந்தது. கோயில் கமிட்டிக்கு நான்தான் செயலாளர். ஓர் இரவு உட்கார்ந்து ஏழு கோரிக்கைகளை மூன்று பக்கத்துக்கு எழுதினோம். எங்கள் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியதிலிருந்து தொடங்கியதால் மூன்று பக்கம்.

சேவை மையத்தில் இருந்த அதிகாரி என் மகள் வயதுப் பெண். "உட்காருங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தார். மாநில அரசின் கையில் இல்லாததை ஒவ்வொன்றாக அடித்தார். தமிழ்ப்பள்ளிக்கு இணைக்கட்டடம்: கல்வி அமைச்சு. சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் இரண்டு பாட்டிகளுக்குக் குடியுரிமை: கூட்டரசு, அதாவது மத்திய அரசு. 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் சிலருக்கு வரவில்லை: அதுவும் கூட்டரசு. போலீஸ் ரோந்து: அதுவும்தான். கால்வாய், தெருவிளக்கு இரண்டுக்கும் நகராண்மைக் கழகத்துக்கு நேரே எழுதலாம்.

"56 பேர் இருக்குற அவையில ஒய்.பி.க்கு, நம்ம சட்டமன்ற உறுப்பினருக்கு, கிடைக்கிறதே கொஞ்ச நேரம். அதுல இதையெல்லாம் கேட்டா, எங்க அதிகாரத்துல இல்லைன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க அங்கிள்."

எனக்கு முகம் சுண்டித்தான் போனது.

மிஞ்சியது சுடுகாடு. கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணையைக் கைப்பேசியில் காட்டினார். மாநிலப் பட்டியலில் தங்கும் விடுதி, இடுகாடு சுடுகாடு, மாட்டுப்பட்டி, சந்தை என்று வரிசையாக இருக்கிறது. எங்கள் பாட்டன் பூட்டனுக்கு மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு வரி கிடைத்திருக்கிறதே என்று சிரிப்பு வந்துவிட்டது.

"நிலம் யார் பேர்ல இருக்கு?" என்றார். வாயடைத்துப் போனேன். மூன்று தலைமுறையாக அங்கேதான் எரிக்கிறோம், புதைக்கிறோம். கிராண்டை, அதாவது நிலப் பட்டாவை, ஒருத்தரும் கண்ணால் பார்த்ததில்லை.

நில அலுவலகத்துக்கு மூன்று முறை அலைந்தேன். முதல் முறை நிலத்தின் லாட் எண் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். தோட்டத்தில் மேற்பார்வை பார்த்த பழைய தண்டல் ஒருவர் செம்பனை வரிசைகளை எண்ணி எல்லை காட்ட, அதை வரைபடமாக்கிக் கொண்டு போனேன். மூன்றாம் முறைதான் நிலம் யாருடையது என்று சொல்லும் தேடல் சான்று கையில் கிடைத்தது. அரசு நிலமும் இல்லை, ரிசர்வும் இல்லை. தோட்டத்து கிராண்டுக்குள்ளேயே கிடந்தது.

அரசு நிலமாக இருந்தால் தேசிய நிலச் சட்டம் 62ஆம் பிரிவின்கீழ் ஒதுக்கி அரசிதழில் போட்டுவிடலாம். தனியார் நிலம் என்றால் 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி அரசு இழப்பீடு கொடுத்து எடுக்க வேண்டும், அதற்கு லேசில் மனம் வராது. இன்னொரு வழி உண்டு. தோட்டத்தை வீட்டுமனையாக்கக் கம்பெனி விண்ணப்பிக்கும்போது, அந்தத் துண்டை மட்டும் அரசிடம் ஒப்படைக்கச் சொல்லி நிபந்தனை போடலாம். அனுமதி கைக்குப் போனபிறகு கேட்டுப் பயனில்லை. முன்னால் கேட்க வேண்டும். எங்கள் மூன்று பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்தப் பெண் அதை மலாயில் ஒரே கேள்வியாகச் சுருக்கினார்: இந்த லாட்டுக்கு நில மாற்ற விண்ணப்பம் வந்திருக்கிறதா, வந்திருந்தால் சுடுகாட்டுக்கு எத்தனை ஏக்கர் ஒப்படைக்கச் சொல்வீர்கள்?

பாத்தேக் சட்டை போட்டுக்கொண்டு, சட்டமன்றம் கூடும் ஷா ஆலம் போய்ப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தோம். எங்கள் கேள்வி வருவதற்குள் கேள்வி நேரம் முடிந்துவிட்டது. திரும்பும் வழியில் ஒட்டுக்கடையில் பசியாறியபோது யாரும் பேசவில்லை. பிறகு எழுத்துவழிப் பதில் வந்தது: விண்ணப்பம் வந்திருக்கிறது, இன்னும் அனுமதி கொடுக்கவில்லை, சுடுகாட்டை அளந்து பார்ப்போம்.

போன வாரம் அளந்து, குச்சி நட்டுவிட்டுப் போனார்கள். ஒரு குச்சி இரண்டு மரம் உள்ளே தள்ளி நிற்கிறதாம். அங்கேதான் தண்டலின் சம்சாரம் இருக்கிறார். இப்போது அதற்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒரே பக்கம்.