ஆசிரியரிடம் இருந்தது, கைப்பிரதியில் இல்லாதது

பள்ளி நூல்களுக்கு எடிட்டர் என்றால் சந்திப்பிழை பார்ப்பவர் என்றே பலரும் நினைக்கிறார்கள். மெய்ப்பு பார்ப்பது கடைசிக் கட்டம். அதற்கு வெகு முன்பே, பாடத்தைப் பிரித்துப் போட்டு மறுபடி கோக்கும் வேலை ஒன்று உண்டு. டெவலப்மெண்டல் எடிட்டிங் என்பார்கள். எனக்குப் பிடித்த வேலை அதுதான்.

ஏழாம் வகுப்பு அறிவியல் பயிற்சி நூலில் அடர்த்தி பற்றிய பாடம் வந்தது. எழுதியவர் அனுபவமுள்ள ஆசிரியர். வரையறை, சூத்திரம், அலகு, கணக்கு என்று வரிசையாக இருந்தது. பிழை எதுவும் இல்லை. ஆனால் ‘கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும்’ என்ற எண்ணத்தோடுதான் பிள்ளைகள் வகுப்புக்கு வருகிறார்கள். வரையறையை ஒப்பித்த பிறகும் அந்த எண்ணம் அப்படியே இருக்கும்.

“சார், வகுப்புல இதை எப்படி ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டேன்.

“பெரிய மரக்கட்டையையும் ஒரு ஆணியையும் தண்ணியில போடுவேன். எது மூழ்கும்னு பந்தயமே நடக்கும்” என்றார்.

அது கைப்பிரதியில் ஒரு வரி கூட இல்லை. எழுத உட்கார்ந்தால் நல்ல ஆசிரியர்களுக்கும் பழைய பாடநூல் நடை வந்துவிடுகிறது. வகுப்பில் அவர்கள் செய்வதைக் கேட்டு வாங்குவதுதான் இந்த வேலையின் முக்கியத் திறமை என்று நான் நம்புகிறேன். அதனால் குறிப்பு எழுதும்போதும் ‘இதை மாற்றவும்’ என்று எழுதுவதில்லை. ‘இதைப் படிக்கும் பிள்ளை என்ன நினைக்கும்?’ என்று கேட்பேன்.

பாடம் கட்டையிலும் ஆணியிலும் தொடங்கியது. அடுத்து, ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் 1 கிராம், அதே அளவு இரும்பு ஏறக்குறைய 7.9 கிராம், பனிக்கட்டி 0.92 கிராம் என்ற ஒப்பீடு. வரையறை அதற்குப் பிறகுதான். இரும்புக் கப்பல் ஏன் மிதக்கிறது என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளினோம். உள்ளே இருக்கும் காற்றையும் சேர்த்துக் கணக்கிட அப்போதுதான் பிள்ளை தயாராக இருக்கும். இடத்துக்காக ஆர்க்கிமிடீஸ் கதையை எடுத்துவிட்டோம். நல்ல கதைதான், ஆனால் இங்கே அது மிதப்பு விசையை நோக்கி இழுத்துக்கொண்டு போகும்.

உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும் சோதனையை அலுவலகத்திலேயே செய்து பார்த்தோம். ‘சிறிதளவு உப்பு’ என்றிருந்தது. அதற்கு முட்டை அசையவே இல்லை. ‘முட்டை மேலே வரும்வரை உப்பைக் கரைத்துக்கொண்டே இரு’ என்று மாற்றினோம். செய்து பார்க்காத செயல்பாடு அச்சுக்குப் போகக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

அப்புறம் வினாக்கள். பாடம் முடிந்ததும் பிள்ளைக்கு என்ன செய்யத் தெரிய வேண்டும் என்று சொல்லும் கற்றல் விளைவில் ‘விளக்குவர்’ என்று இருந்தது, பயிற்சியிலோ கோடிட்ட இடங்கள் மட்டும். நினைவுகூர்தலில் தொடங்கி மதிப்பிடுதல் வரை ஏறும் கற்றல் படிநிலைகளை பெஞ்சமின் புளூம் குழுவினர் 1956-இல் வகுத்தார்கள்; பி.எட். படித்த ஆசிரியர்களுக்கு அது தெரிந்ததுதான். கோடிட்ட இடங்கள் முதல் படியோடு நின்றுவிடும். ‘ஏன்?’ என்று கேட்கும் இரண்டு வினாக்களைச் சேர்த்தோம்.

பாட வல்லுநர் ஒருவருக்கு இந்த வரிசையில் உடன்பாடில்லை. தேர்வுக்குப் படிப்பவர்கள் வரையறையைத்தான் முதலில் தேடுவார்கள் என்றார். அதுவும் நியாயம்தான். சரி என்று வரையறையைக் கட்டம் கட்டினோம். ஆனால் அதை இரண்டாம் பக்கத்திலேயே வைத்தோம்.